குளிர்காலக் கடலுக்கு எத்தனை அடிக் கோல்?

இங்கிலாந்தில் கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்களில் பலர் கோடையைவிடக் குளிர்காலத்தையே ஆவலோடு எதிர்பார்ப்பார்கள். அக்டோபர் கடைசியிலிருந்து வட கடலிலும் ஆங்கிலக் கால்வாயிலும் காட், வைட்டிங் போன்ற மீன்கள் கரையை ஒட்டி மேய வரும். காட் மீன் முன்போல் இப்போது கிடைப்பதில்லை என்றாலும், புயல் அடித்து ஓய்ந்த மறுநாள், தண்ணீர் கலங்கி, அலை இன்னும் அடங்காமல் புரளும்போது கரையில் கூட்டம் கூடத்தான் செய்கிறது. அலை அடிமணலைக் கிளறிப் புழுவையும் நண்டையும் சிப்பியையும் வெளியே தள்ளுகிறது. அதைத் தின்ன மீன் வருகிறது. இப்படிப்பட்ட கடலுக்கென்று கோல் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, ‘எத்தனை அடி?’ என்பதுதான். பிரிட்டனில் வழக்கமான கரைக்கோல் 12 அல்லது 13 அடி இருக்கும். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் பக்கம் புழங்கும் மூன்று துண்டுக் கோல்கள் 14, 15 அடி, அதற்கு மேலும் போகும். கடல் சீறினால் நீளமான கோலே கைகொடுக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. என்னைக் கேட்டால், நீளம் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் கோல் எவ்வளவு எடையை எறியும், அந்த எடையோடு அதை வளைக்க எனக்குத் தெம்பு இருக்கிறதா என்ற இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகே அடிக்கணக்குக்கு வர வேண்டும்.

காரணம், குளிர்காலக் கடலில் தூண்டில்காரரின் முதல் பாடு இரையை ஓரிடத்தில் நிறுத்தி வைப்பதுதான். ஓதம் ஏறி இறங்கும்போது நீரோட்டம் தூண்டில் நரம்பைப் பக்கவாட்டில் இழுக்கும். அலை அதைக் கரைக்குத் தள்ளும். சாதாரண ஈயக்குண்டு சில நிமிடங்களில் உருண்டு காலடிக்கே வந்துவிடும். அதனால்தான் நான்கு கம்பிக்கால் வைத்த குண்டு போடுகிறார்கள். கம்பிகள் மணலைப் பற்றிக்கொள்ளும். பலமாக இழுத்தால் பின்னால் மடங்கி விட்டுக்கொடுக்கும். இந்தக் குண்டு 5 அல்லது 6 அவுன்ஸ், அதாவது 140 முதல் 170 கிராம் வரை இருக்கும். அதோடு கடற்புழுவும் கணவாய்த் துண்டும் கோத்த இரையின் எடையும் சேரும். ஆகவே கோலின் தண்டில் அச்சிட்டிருக்கும் எறி எடைதான் முதலில் பார்க்க வேண்டியது. 4 அவுன்ஸ் வரைதான் தாங்கும் என்றிருக்கும் கோல் 15 அடி நீண்டிருந்தாலும் இந்த வேலைக்கு உதவாது. 6 அவுன்ஸை எறிந்தும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும் கோல் வேண்டும். மிச்சம் அளவுக்கு மீறினாலும் ஆபத்துதான். கோல் வில்லைப் போல வளைந்து நிமிரும்போதுதான் குண்டைத் தள்ளுகிறது. வல்லவர்கள் கையில் மட்டும் வளையும் முரட்டுக் கோலை மற்றவர் வாங்கினால், அது வளையாமல் விறைத்து நிற்கும்; குண்டு தூரம் போகாது. 1960களில் டஞ்சனெஸ் கூழாங்கல் கரையில் பெயர் பெற்ற லெஸ்லி மொன்கிரீஃப், உடலைப் பின்னால் சாய்த்து முழுப் பலத்தோடு எறியும் முறையைப் பிரபலமாக்கினார். அன்றைய கோல்கள் கண்ணாடி இழையால் ஆனவை, கனமானவை. பின்னால் வந்த கார்பன் இழைதான் எடையைக் குறைத்து, கோலை நீட்டிக்கொண்டே போகும் வசதியைத் தந்தது. நீளம் எளிதானதும், நீளமே தகுதி என்ற எண்ணமும் கூடவே வளர்ந்துவிட்டது.

‘நீளக் கோலின் நுனி வேகமாகச் சுழலும், அதனால் குண்டு தூரம் போகும்’ என்பார்கள். அரை உண்மை இது. அதே வேகத்தில் கோலைச் சுழற்ற முடிந்தால் நுனி வேகம் கூடும். முடியுமா என்பதே கேள்வி. சீரான கனமுள்ள தண்டு என்று வைத்துக் கணக்கிட்டால், 13 அடியை 15 அடியாக்கும்போது அதைச் சுழற்றுவதற்கான தடை ஒன்றரை மடங்காகிறது. நுனியில் தொங்கும் குண்டு தரும் தடையும் மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது. தடித்த மழைச்சட்டை, கனத்த காலணி, நனைந்த கூழாங்கல்லில் வழுக்கும் கால், விறைத்த விரல் என்று நிற்கும் ஒருவர் அந்தக் கூடுதல் பலத்துக்கு எங்கே போவார்? பழகிய 13 அடிக் கோலைச் சுத்தமாக வீசுகிறவர், பழகாத 15 அடியைத் திணறி வீசுகிறவரைவிடத் தூரம் எறிவார். அதைவிட முக்கியமான ஒன்று, கலங்கிய கடலில் மீன் எப்போதும் தொலைவில் இருப்பதில்லை. அலை உடைந்து மணலைத் தோண்டிய பள்ளத்தில், கரையிலிருந்து 40, 50 மீட்டருக்குள்ளேயே காட் மேயும். மீனைத் தாண்டி இரையை எறிந்துவிட்டு மீன் இல்லை என்று திரும்புவது இந்தக் கரைகளில் அடிக்கடி நடக்கிற காரியம்.

நீளக் கோலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் இன்னொரு வாதம் வலுவானது. கோலை முக்காலியில் நிறுத்தி வைக்கும்போது நுனி உயரமாக இருந்தால், நரம்பு உடையும் அலைகளுக்கு மேலாகப் போகும். அலை அதை அடித்து இழுக்காது. கொள்கை சரிதான், ஆதாயம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இரண்டு அடி கூட்டினால், 70 பாகை சாய்வில் நிறுத்திய கோலின் நுனி சுமார் 57 சென்டிமீட்டர் உயர்கிறது. குண்டு 100 மீட்டரில் கிடந்து, நரம்பு நேராக நிற்கிறது என்று வைத்தால், 50 மீட்டர் தொலைவில் நரம்பு உயர்வது 28 சென்டிமீட்டர்தான். ஆள் உயர அலைக்கு அது பெரிய விஷயமே இல்லை. டார்செட்டின் செசில் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். வெஸ்ட் பேயிலிருந்து போர்ட்லண்ட் வரை 29 கிலோமீட்டர் நீளக் கூழாங்கல் மேடு அது. கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. ஐந்துக்கு ஒன்று என்ற சரிவில் மூன்று மீட்டர் பின்னால் போய் ஏறி நின்றாலே 60 சென்டிமீட்டர் உயரம் காசில்லாமல் கிடைத்துவிடுகிறது. திரும்பும் அலை கல்லோடு காலையும் வாரிச் செல்லும் அந்த இடத்தில், மேலே ஏறி நிற்பது உயிருக்கும் நல்லது. நரம்பின் தடிமனைக் குறைப்பதும் இதைவிட அதிகம் உதவும். 0.40 மில்லிமீட்டரை விட்டு 0.32க்கு வந்தால் நீரோட்டம் பிடித்து இழுக்கும் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆனால் யார்க்‌ஷயரின் ஹோல்டர்னெஸ் கரை மாதிரி களிமண் பாறை அரித்துக் கரைந்துவரும் இடங்களிலும், வேல்ஸின் தட்டையான மணல் கரைகளிலும் ஏறி நிற்க மேடு கிடையாது. அலை வரிசை வரிசையாக வெகுதூரம் வரை உடையும். அங்கே அரை மீட்டர்கூட மதிப்புள்ளதுதான். நீளக் கோலுக்கு அசலான இடம் அது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கும் ஒரு விலை இருக்கிறது. முக்காலியில் நிற்கும் கோலைக் காற்றும் பிடிக்கிறது. 13 அடியிலிருந்து 15 அடிக்குப் போனால், கோலைச் சாய்க்கும் காற்றின் திருகுவிசை மூன்றில் ஒரு பங்கு கூடும். நுனி இடைவிடாமல் ஆடும். காட் எப்படிக் கடிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று புரியும். கம்பிக்கால் குண்டு மணலைப் பற்றியிருக்க, நரம்பை இறுக்கி வைத்தால் நுனி கடலை நோக்கிக் குனிந்து நிற்கும். ஒவ்வொரு அலைக்கும் அது மெல்லத் தலையசைக்கும். அந்தத் தாளம் கண்ணுக்குப் பழகிவிடும். மீன் இரையை விழுங்கிக்கொண்டு கரைப்பக்கம் திரும்பினால், கம்பிகள் மடங்கிக் குண்டு விடுபடும். குனிந்திருந்த நுனி சட்டென்று நிமிரும், நரம்பு தொய்ந்து காற்றில் வளையும். அந்த நொடியில் ஓடிப்போய் நரம்பைச் சுற்ற வேண்டும். மென்மையான நீண்ட நுனி இரவு முழுக்கக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தால் அந்த நிமிர்வு கண்ணில் படாது. மெல்லிய நுனி சின்னக் கடியையும் காட்டும் என்பது அமைதியான கடலுக்குப் பொருந்தும். சீறும் கடலில் வேண்டியது, அலையின் இழுப்பில் பாதியளவு குனிந்து, மீதியை மீனுக்கு வைத்திருக்கும் நுனி.

ரீல் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பூல் சுழலும் மல்டிப்ளையர் ரீல் கைதேர்ந்தவரிடம் அழகாக ஓடும். இருட்டில், எதிர்காற்றில், விரல் மரத்த நேரத்தில் நரம்பு சிக்கிக்கொண்டால் அந்த ஓதமே வீண். ஸ்பூல் சுழலாத ரீல்தான் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பு. அதற்குப் பெரிய வளையங்கள் கோலில் இருக்க வேண்டும் என்பதை வாங்கும்போதே பார்க்க வேண்டும். பாதுகாப்பு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. காற்றுத் தடையே இல்லை என்றாலும் 100 மீட்டர் போக ஒரு குண்டு மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் கிளம்ப வேண்டும். நரம்பு அறுந்தால் 170 கிராம் ஈயம் அந்த வேகத்தில் எவர் தலையை வேண்டுமானாலும் தாக்கும். எனவே மெல்லிய நரம்பின் முனையில் தடித்த முன்நரம்பு கட்ட வேண்டும். குண்டின் ஒவ்வொரு அவுன்ஸுக்கும் 10 பவுண்டு பலம் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. 6 அவுன்ஸுக்கு 60 பவுண்டு. எறியத் தயாராகும்போது அந்த முன்நரம்பு ரீலில் ஐந்தாறு சுற்றாவது இருக்க வேண்டும். கோல் நீண்டால் முன்நரம்பும் நீள வேண்டும்.

நீளக் கோலைக் காரில் கொண்டுபோவது சுலபம் என்பது நியாயமான பேச்சு. 15 அடிக் கோலை மூன்றாகப் பிரித்தால் ஒரு துண்டு ஒன்றரை மீட்டர்; இரண்டாகப் பிரியும் 13 அடிக் கோலின் துண்டு இரண்டு மீட்டர். ஆனால் கோல் எடுப்பது பயணத்துக்கு அல்ல. கடையில் ரீலைப் பூட்டி, கீழ்க்கையைத் தண்டின் அடிமுனையிலும் மேல்கையை ரீலின் பக்கத்திலும் வைத்துப் பாருங்கள். இரு கைக்கும் உள்ள இடைவெளி உங்கள் தோள்களைவிட ரொம்ப அகலமாக இருந்தால் பலமாகத் தள்ள முடியாது. பிறகு நுனியில் ஒரு நரம்பு கட்டி, கடைக்காரரைப் பிடிக்கச் சொல்லி மெல்ல இழுங்கள். நுனி முதலில் குனிந்து, நடுத்தண்டு பிறகு வளைந்து, அடித்தண்டு உங்கள் பலத்துக்குக் கொஞ்சமாவது அசைய வேண்டும். அடித்தண்டு அசையவே இல்லையென்றால், வேறு கோல் காட்டச் சொல்லுங்கள்.