மஞ்சள் இலையின் மாடிக்கணக்கு

கலிபோர்னியாவின் கஞ்சா விவசாயிகளிடையே ஒரு சர்வரோக நிவாரணி உண்டு. அதன் பெயர் 'கால்-மேக்'. கால்சியமும் மக்னீசியமும் கலந்த திரவ உரம். இலை மஞ்சளானால் கால்-மேக், நுனி கருகினால் கால்-மேக், பழுப்புப் புள்ளி விழுந்தாலும் அதுவே. பாதிப் பேருக்கு அது பலிக்கவும் செய்கிறது, வேறு காரணத்தால். பெரும்பாலான கால்-மேக் புட்டிகளில் கால்சியம் நைட்ரேட் வடிவில் இருக்கும். கூடவே தழைச்சத்தும் செடிக்குள் போய்விடும். தழைச்சத்துப் பஞ்சத்தில் வாடிய செடி பச்சை கட்டும். பாராட்டு மக்னீசியத்துக்குப் போகும்.

பணம் கொழிக்கும் ஒரு பயிரில் இப்படிக் கைவைத்தியம் கோலோச்சியதற்குக் காரணம் சட்டம். 1937ஆம் ஆண்டின் மரிவானா வரிச் சட்டம் தொடங்கி, அடுத்தடுத்து வந்த தடைகள் கஞ்சாவை அமெரிக்க வேளாண் அறிவியலின் எல்லைக்கு வெளியே தள்ளின. மக்காச்சோளத்துக்கும் திராட்சைக்கும் வீடு தேடி வந்து ஆலோசனை சொன்ன வேளாண் பல்கலைக்கழகங்கள் இந்தச் செடியின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஹம்போல்ட், மெண்டசீனோ, டிரினிட்டி ஆகிய மூன்று மலை மாவட்டங்களில் மறைவாகப் பயிரிட்டவர்கள் தங்களுக்குள் பேசிப் பேசிச் சேர்த்ததுதான் மொத்த அறிவும். 1996இல் மருத்துவப் பயன்பாட்டுக்கும், 2016இல் வயதுவந்தோர் அனைவருக்கும் கலிபோர்னிய வாக்காளர்கள் அனுமதி தந்தார்கள். 2018இன் வேளாண் சட்டம், போதைப்பொருளான டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்கு மேற்போகாத 'ஹெம்ப்' வகையை நாடு முழுக்க விடுவித்தது. அதன் பிறகுதான் ஆய்வாளர்கள் தாராளமாக வயலுக்குள் கால் வைத்தார்கள். (நம் நாட்டில் உரிமம் இல்லாமல் கஞ்சா பயிரிடுவது 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி இன்றும் குற்றம்.)

வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் ஹெம்ப் செடியைச் சத்தே இல்லாத சிலிக்கா மணலில் வளர்த்தார்கள். ஒரு தொகுதிக்கு இரும்பு தவிர எல்லாச் சத்தும். இன்னொன்றுக்குப் பொட்டாசியம் தவிர எல்லாமும். இப்படி ஒவ்வொன்றாக நிறுத்திப் பட்டினி போட்டு, இலை எப்படி மாறுகிறது என்று படமெடுத்து 2019இல் வெளியிட்டார்கள். ஒரு சத்தை மட்டும் நிறுத்திப் பார்க்கும் உத்தி, ஜெர்மனியில் சாக்ஸும் நோப்பும் 1860 வாக்கில் செடிகளை வெறும் உப்புக் கரைசலில் வளர்த்த காலத்திலிருந்தே இருக்கிறது. பயிர்களின் சத்துக் குறைகளைப் படம் பார்த்து அறியும் நூலை இங்கிலாந்தின் தாமஸ் வாலஸ் 1943லேயே கொண்டுவந்துவிட்டார். கஞ்சா மட்டும் வரிசையில் கடைசியாக நின்றது.

இலையைப் படிப்பதில் நிறத்தைவிட முக்கியமானது, அது செடியின் எந்த மாடியில் இருக்கிறது என்பது. மக்னீசியம் குறைந்தாலும் இரும்பு குறைந்தாலும் அடையாளம் ஒன்றே: நரம்புகள் பச்சையாக நிற்கும், இடைப்பட்ட சதை வெளுக்கும். ஆனால் மக்னீசியக் குறை கீழ்த்தளத்து முதிர்ந்த இலைகளில் தொடங்கும். இரும்புக் குறை உச்சிக் கொழுந்தில் தொடங்கும். பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நடுவில் ஒரு மக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது. தட்டுப்பாடு வந்தால் செடி கிழட்டு இலைகளின் பச்சையத்தைக் கலைத்து, மக்னீசியத்தைப் பிரித்தெடுத்து, கொழுந்துக்கு அனுப்பிவிடும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் இப்படி இடம் பெயரக்கூடியவையே. இரும்பு அப்படியல்ல, ஓர் இலையில் குடியேறினால் எளிதில் கிளம்பாது. புதிய இலை புதிய வரவை நம்பியே பிறக்க வேண்டும்.

கால்சியம் இன்னும் பிடிவாதக்காரன். வேர் உறிஞ்சிய நீரோடு மேலே ஏறும், இறங்கவே இறங்காது. மண்ணில் கால்சியம் குவிந்து கிடந்தாலும், இலை நீரை ஆவியாக்காத ஈரக்காற்று நாட்களில் கொழுந்து சுருங்கிக் கோணலாகலாம். இரும்பின் கதையும் பெரும்பாலும் பற்றாக்குறை இல்லை. மண்ணின் பி.எச். 7ஐத் தாண்டினால் இருக்கிற இரும்பு கரையாமல் இறுகிவிடும். அந்த நேரத்தில் இரும்பு உரம் வாங்கிப் போடுவது வீண், பி.எச்.சைச் சீராக்குவதுதான் வேலை. கால்-மேக் பிரியர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கால்சியமோ பொட்டாசியமோ மிஞ்சினால் வேர் மக்னீசியத்தை எடுப்பது குறையும். மருந்தே நோயை வளர்க்கும்.

பொய் எச்சரிக்கைகளும் உண்டு. பூக்கள் திரளும் செப்டம்பர் இறுதியில் அடியிலைகள் மஞ்சளாவது பெரும்பாலும் இயல்பான மூப்பு. செடி தன் தழைச்சத்தைப் பூவுக்கு மாற்றுகிறது. தண்டும் இலையும் ஊதா நிறமானால் மணிச்சத்துக் குறை என்று பதற வேண்டாம். சில ரகங்களின் குணமே அது. குளிர்ந்த இரவும் அதைச் செய்யும்.

பூச்சியையும் பசியையும் பிரித்தறிய ஒரு பழைய விதி ஓரளவு கைகொடுக்கும். சத்துக் குறை இலையின் இரு பாதியிலும் ஒரே சீராக, பல செடிகளில் ஒரே விதமாக வரும். பூச்சி ஒழுங்கில்லாமல், வயலின் ஒரு மூலையிலிருந்து கிளம்பும். இலையின் மேற்புறத்தில் ஊசியால் குத்தியதுபோல வெளிறிய புள்ளிகள் தெரிந்தால் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடியில் நூலாம்படையும் நகரும் புள்ளிகளும் இருந்தால் அது சிலந்திப்பேன்; வெப்பமும் வறட்சியும் அதற்குக் கொண்டாட்டம்.

இந்த விதியை முறியடிப்பவை இரண்டு. ஒன்று, ஹெம்ப்பின் ஈரியோபைட் சிலந்தி. 1998இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, பிறகு தமிழகத் தென்னந்தோப்புகளிலும் தேங்காயைச் சுருங்கவைத்த அதே ஈரியோபைட் குடும்பத்தின் உறவு. நீளம் 0.2 மில்லிமீட்டர் அளவே. எட்டுக்குப் பதில் நான்கே கால்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டம் சாற்றை உறிஞ்சும்போது இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, செடி மங்கி வெண்கல நிறம் காட்டும். வெயில் தாங்கவில்லை என்று நினைத்து நீரூற்றுவார்கள், மக்னீசியம் போடுவார்கள். உருப்பெருக்கி வாங்குவதற்குள் செடி கைவிட்டுப் போயிருக்கும். இரண்டாவது, கொலராடோவின் ஹெம்ப் வயல்களில் தத்துப்பூச்சி பரப்பும் பீட்ரூட் சுருள்நுனி வைரஸ். தொடக்கத்தில் அது தரும் வெளிர்மஞ்சள், சத்துக் குறையைப் போலவே ஏமாற்றும்.

அறுவடைக்குச் சில வாரம் முன்பு வரும் எதிரி, மக்காச்சோளக் கதிர்ப்புழு. நம் துவரையையும் தக்காளியையும் துளைக்கும் காய்ப்புழுவின் நெருங்கிய உறவு. புழு பூங்கொத்துக்குள் ஒளிந்திருக்கும். வெளியே தெரிவது ஒரே ஒரு காய்ந்த சிற்றிலை. அதை இழுத்தால் தடையின்றிக் கையோடு வரும். உள்ளே எச்சமும் குடைந்த பாதையும் இருக்கும். அந்தக் காயத்தில், பசிபிக் கடலின் மூடுபனி உதவியோடு, போட்ரைடிஸ் என்ற சாம்பல் பூஞ்சணம் குடிபுகுந்து கொத்தையே அழுகவைக்கும்.

தெரியாவிட்டால் என்ன, ஒரு மருந்தை அடித்துவிடலாமே என்றால், இங்கே அது நடக்காது. இந்தப் பூவைக் கழுவுவதில்லை, சமைப்பதில்லை, கொளுத்தி உள்ளிழுக்கிறார்கள். திராட்சைக்குத் தெளிக்கும் மைக்ளோபியூட்டனில் என்ற பூஞ்சணக்கொல்லி சூடாகும்போது ஹைட்ரஜன் சயனைடு வெளிவிடும். கலிபோர்னியா அதைக் கஞ்சாவில் அனுமதிப்பதில்லை. ஹெம்ப்புக்கென்று அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை 2019 டிசம்பரில் முதலில் ஒப்புதல் தந்தவை பத்தே மருந்துகள்; ஒன்றைத் தவிர எல்லாம் உயிரியல் வகை. புழுவுக்கு பி.டி. பாக்டீரியா, பேனுக்குப் பேன் தின்னும் பேன். எந்த எதிரி என்று தெரியாமல் எந்தக் காவலரை அனுப்புவது?

கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாத ஒன்றும் 2019இல் கலிபோர்னியாவில் பிடிபட்டது. ஹாப்ஸ் கொடியில் மறைந்து வாழ்ந்துவந்த வைராய்டு: 256 எழுத்துகள் கொண்ட ஒரு வட்ட ஆர்.என்.ஏ., அவ்வளவுதான். ஒரு புரதம்கூட அதற்குச் சொந்தமில்லை. பாதித்த செடி குட்டையாகி, கிளை எளிதில் முறியும். பூவில் பிசின் வற்றும். சில செடிகள் எந்த அறிகுறியும் காட்டாமல் பதியன் தரும் தாய்ச்செடியாக நீடித்து, ஒவ்வொரு போத்திலும் வைராய்டை வழங்கிக்கொண்டிருக்கும். எத்தனை உரம் கொட்டினாலும் மாறாது. இப்போது நாற்றங்கால்காரர்கள் தாய்ச்செடியின் வேரை நறுக்கி ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள், வேரில்தான் அது அதிகம் சிக்கும் என்பதால். கத்தரிக்கோலைச் சாராயத்தில் துடைக்கும் பழக்கமும் மாறிவருகிறது. வைராய்டுக்கு அது உறைக்காது, பிளீச்சிங் கரைசல் வேண்டும்.