பியூயல் பம்பை மாற்றியும் ஆயில் என்ஜின் இழுக்கவில்லையா? காம் ஷாப்டைச் சோதியுங்கள்

"பியூயல் பம்பை மாற்றிய புதிதில் என்ஜின் நன்றாக ஓடியது. இப்போது மறுபடியும் இழுக்க மறுக்கிறது" என்பது டீசல் என்ஜின் வைத்து நீர் இறைக்கும் விவசாயிகள் அடிக்கடி கூறும் குறையாகும். நெற்பயிர் கதிர் விடும் தருணத்தில் தண்ணீர் தடைப்பட்டால் மணிகள் பதராகிவிடும். அந்த அவசரத்தில் மேலும் ஒரு பம்பை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். ஆனால் பல சமயங்களில் கோளாறு பம்பில் இருப்பதில்லை. அதைக் கீழிருந்து தள்ளும் காம் ஷாப்டில்தான் இருக்கிறது.

காம் ஷாப்டின் வேலை

நிமிடத்திற்கு 1500 சுற்று ஓடும் நான்கு ஸ்டிரோக் என்ஜினில் காம் ஷாப்ட் 750 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதிலுள்ள மேடு டேப்பெட்டைத் தூக்குகிறது. டேப்பெட், பம்பின் எலிமெண்டுக்குள் இருக்கும் பிளஞ்சரை மேலே தள்ளுகிறது. இதனால் டீசல் மிகுந்த அழுத்தத்துடன் நாசில் வழியே பீச்சப்படுகிறது. மணிக்கு 45,000 முறை இந்த வேலை நடைபெறுகிறது.

பெரிய எலிமெண்டால் வரும் சுமை

அதிகத் தண்ணீர் கிடைக்கும் என்று எண்ணிச் சிலர் பெரிய எலிமெண்டைப் போட்டு, நாசில் அழுத்தத்தையும் கூட்டி வைக்கின்றனர். 8 மி.மீ. பிளஞ்சர், சதுர செ.மீ.க்கு 200 கிலோ அழுத்தத்தில் வேலை செய்தால் காம் மேட்டின் மீது சுமார் 100 கிலோ சுமை விழுகிறது. அதையே 9 மி.மீ. ஆக்கினால் சுமை 127 கிலோவாகிறது. அழுத்தத்தையும் 240 கிலோவாக உயர்த்தினால் சுமார் 153 கிலோ, அதாவது ஒன்றரை மடங்காகிவிடும்.

காம் மேட்டின் மேற்பரப்பு மட்டுமே கடினமாக்கப்பட்டது. அந்த மெல்லிய படலம் தேய்ந்துவிட்டால் உள்ளே உள்ள மிருதுவான இரும்பு வெகு விரைவில் கரைந்துவிடும். இவ்வளவு செய்தும் தண்ணீர் கூடுவதில்லை. என்ஜின் வேகத்தைக் கவர்னர் கட்டுப்படுத்துகிறது. அந்த வேகமும் கிணற்றின் ஆழமும்தான் தண்ணீரின் அளவைத் தீர்மானிக்கின்றன. வேகம் குறையாமல் ஓடும் என்ஜினுக்குப் பெரிய எலிமெண்ட் தேவையில்லை. பாரம் மிகும்போது அது கரும்புகையையே கூட்டும்.

தேய்மானத்தின் அறிகுறிகள்

மேடு தேய்ந்தால் டீசல் குறைவாகவும் தாமதமாகவும் பீச்சப்படும். காலையில் என்ஜின் எளிதில் கிளம்பாது. கிளம்பும்போது வெண்புகை வரும். பாரத்தில் வேகம் குறையும். பம்ப் பொருத்திய இடத்தில் 'டக், டக்' என்ற ஓசை கேட்கும். ஆயிலை வடித்துப் பார்த்தால் மினுமினுக்கும் இரும்புத் துகள்கள் காணப்படும்.

இவற்றுள் சில வேறு காரணங்களாலும் ஏற்படலாம். எனவே முதலில் டீசல் பில்டர் அடைப்பு, குழாயில் காற்று, நாசில் பழுது ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். நாசிலைச் சோதிக்கும்போது அதன் எதிரே கையை நீட்டக்கூடாது. பீச்சப்படும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அளந்து பார்க்கும் முறை

மேற்கண்டவை சரியாக இருந்தால் காம் மேட்டை அளக்க வேண்டும். என்ஜினை நிறுத்தி, டீசலை அடைத்து, பியூயல் பம்பை மட்டும் கழற்றவும். அடியிலுள்ள ஷிம் தகடுகளை எண்ணிப் பத்திரப்படுத்தவும். டேப்பெட் அதன் இடத்திலேயே இருக்கட்டும். டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, என்ஜின் ஓடும் திசையிலேயே ப்ளைவீலைக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றவும். அப்போதுதான் காம் ஷாப்ட் ஒரு சுற்று சுற்றும்.

டேப்பெட்டின் தலை மிகத் தாழ்ந்த நிலையையும் மிக உயர்ந்த நிலையையும் டயல் கேஜ் கொண்டு குறிக்கவும். டயல் கேஜ் இல்லாவிடில் வெர்னியரின் ஆழம் அளக்கும் கம்பியைப் பயன்படுத்தலாம். இரண்டிற்கும் உள்ள வித்தியாசமே தூக்கு அளவு. இதை என்ஜின் கையேட்டில் உள்ள அளவுடனோ, அதே மாடலின் புதிய காம் ஷாப்டின் அளவுடனோ ஒப்பிடவும்.

தூக்கு அளவு சரியாக இருந்து, டீசல் மட்டும் தாமதமாகப் பீச்சினால் ஷிம் தகடுகள் அதிகமாக இருக்கலாம். தகட்டைக் கூட்டினால் பீச்சுதல் தாமதமாகும், குறைத்தால் முந்தும். ஆனால் அளவுக்கு மீறிக் குறைத்தால் பிளஞ்சர் மேலே முட்டி, காமையும் டேப்பெட்டையும் உடைத்துவிடும்.

தூக்கு அளவு குறைந்திருந்தால் டேப்பெட்டை வெளியே எடுத்துப் பார்க்கவும். ரோலர் தாராளமாக உருள வேண்டும். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் அது உருளாமல் மேட்டின் மீது உராய்ந்திருக்கிறது என்று பொருள். காம் மேட்டில் நகத்தால் தடவும்போது நகம் சிக்கினாலோ, குழிகள் காணப்பட்டாலோ அந்த காம் ஷாப்ட் இனி உதவாது.

கவனிக்க வேண்டியவை

1. காம் ஷாப்டையும் டேப்பெட் ரோலரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய ரோலர் புதிய காமையும் கெடுத்துவிடும்.

2. வெல்டிங் வைத்துக் கடைந்த காம் ஷாப்ட் மலிவாகக் கிடைக்கும். மறுபடி கடினப்படுத்தாவிடில் அது நீடிக்காது.

3. பழுது பார்த்தபின் ஆயில் சம்பைக் கழுவித் துகள்களை அகற்றிப் புது ஆயில் ஊற்றவும்.

4. ஆயில் மட்டம் தானாக உயர்ந்து, டீசல் வாடை அடித்தால் எலிமெண்ட் கசிகிறது என்று அறியவும். நீர்த்த ஆயில் காமைக் காக்காது. எலிமெண்டையும் ஆயிலையும் உடனே மாற்றவும்.

5. எலிமெண்டின் அளவும் நாசில் அழுத்தமும் கையேட்டில் கண்டபடியே இருக்கட்டும்.

என்ஜின் இழுக்காதபோது புதுப் பம்ப் வாங்குமுன் தூக்கு அளவைப் பார்த்துவிடுங்கள். இதற்கு அரை நாள் வேலைதான் ஆகும். தேய்ந்த காமின் மீது எத்தனை புதிய பம்பை மாட்டினாலும் பணம்தான் விரயமாகும். பயிருக்குத் தண்ணீர் கிடைக்காது. ஆகவே, அறுவடை முடிந்த ஓய்வுக் காலத்தில் ஆண்டுக்கு ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்து, அளவை நோட்டில் குறித்து வைத்து விவசாயிகள் பயனடைய வேண்டும்.