பழத்தோட்டத்துப் பையன் பயிற்றுநர் ஆன கதை



மாலையானதும் உங்கள் வீட்டுப் பையன் தோட்டத்துத் திடலுக்கு ஓடிவிடுகிறானா? "பந்து சோறு போடுமா?" என்று நீங்களும் ஒருநாள் அவனைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஓடுகிற கால் ஒருநாள் ஓயும். எறிகிற கை ஒருநாள் தளரும். அதற்குப் பிறகு என்ன?

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை சொன்ன ஒருவரை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறோம். அவர் பெயர் டாம் ஃபுளோரஸ். அமெரிக்கர். பழத்தோட்டங்களில் கூலி வேலை செய்த குடும்பத்துப் பிள்ளை.

கையால் ஆடும் பந்து

முதலில் ஒரு சிறு விளக்கம். அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது நம் திடலில் ஆடும் காற்பந்து அல்ல. அங்கே பந்து முட்டை வடிவம். அதைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம். பந்து வைத்திருப்பவரை எதிரணியினர் மோதிக் கீழே தள்ளலாம். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜ தூரமாவது முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்தால் அது 'டச்டவுன்'; அதற்கு 6 புள்ளிகள்.

பெரும்பாலான முயற்சிகளில் பந்து முதலில் வந்து சேர்வது 'குவார்ட்டர்பேக்' என்ற ஆட்டக்காரரின் கைக்குத்தான். யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்பதை இரண்டு மூன்று விநாடிகளில் அவர் முடிவு செய்ய வேண்டும். அந்த நேரத்தில் மலை போன்ற ஆட்கள் அவரைச் சாய்க்க ஓடி வருவார்கள். வென்றால் முதல் மாலை அவருக்கு. தோற்றால் முதல் வசவும் அவருக்கே. ஃபுளோரஸ் அப்படிப்பட்ட குவார்ட்டர்பேக்.

நிரையில் நின்ற சிறுவன்

1937 மார்ச் 21ஆம் நாள் கலிபோர்னியா மாநிலத்தின் ஃபிரெஸ்னோ நகரில் பிறந்தார் ஃபுளோரஸ். வளர்ந்தது பக்கத்திலுள்ள சாங்கர் என்னும் சிற்றூரில். தந்தையார் மெக்சிக்கோவில் பிறந்தவர்; அந்நாட்டில் புரட்சி மூண்ட காலத்தில் சிறுவனாக அமெரிக்கா வந்து சேர்ந்தவர்.

அந்தப் பகுதி திராட்சையும் மற்றப் பழங்களும் விளையும் பூமி. மெக்சிக்கோவிலிருந்து வந்த குடும்பங்கள் பல அந்தத் தோட்டங்களை நம்பியே வாழ்ந்தன. ஃபுளோரசும் சின்ன வயதிலேயே வீட்டாரோடு வெயிலில் நின்று வேலை செய்தார். அம்மாவோடு போய் மங்கு துடைத்து, கட்டிப்பால் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவர்களுக்கு அந்த வாழ்க்கையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

படிப்பையும் பந்தையும் அவர் ஒருசேரப் பிடித்துக்கொண்டார். ஃபிரெஸ்னோவில் இளநிலைக் கல்லூரி, பிறகு ஸ்டாக்டன் நகரில் பசிபிக் கல்லூரி. 1958இல் பட்டம் பெற்றார். இனி என்ன, ஏதாவது ஒரு பெரிய குழு கூப்பிட்டுக்கொள்ளும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் நடக்கவில்லை.

1958இல் கனடாவின் கால்கரி குழு அவரைச் சோதித்துப் பார்த்து வேண்டாம் என்றது. 1959இல் வாஷிங்டன் குழுவும் திருப்பி அனுப்பியது. 1960இல் புதிய போட்டி அமைப்பு ஒன்று தொடங்கியது. அதில் சேர்ந்த புதுக்குழுதான் ஓக்லண்ட் ரைடர்ஸ். அங்கேதான் ஃபுளோரசுக்கு இடம் கிடைத்தது.

நோய் தின்ற ஓர் ஆண்டு

இரண்டு பருவங்கள் ஆடினார். அப்புறம் வந்தது சோதனை. 1962இல் காசநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. வயது 25. ஓடி ஆட வேண்டிய வயதில் மூச்சுக்கே பஞ்சம். அந்தப் பருவம் முழுவதும் அவர் திடலில் இறங்கவில்லை. அவர் குழுவோ 14 ஆட்டங்களில் 13இல் தோற்றது.

மருந்தும் ஓய்வும் அவரை மீட்டன. 1963இல் மறுபடி வந்தார். அந்த ஆண்டு ஆல் டேவிஸ் என்ற புதிய பயிற்றுநரின் கீழ் ரைடர்ஸ் 10 ஆட்டங்களை வென்றது. பருவத்தின் கடைசி ஆட்டம் டிசம்பர் 22ஆம் நாள் ஹியூஸ்டன் குழுவோடு. ஓராண்டுக்கு முன் நோயாளியாக இருந்த ஃபுளோரஸ் அன்று ஆறு டச்டவுன்களுக்குப் பந்து எறிந்தார். 52-49 என்ற கணக்கில் வெற்றி!

பெஞ்சில் கற்ற பாடம்

ஆனால் விளையாட்டு உலகம் பழைய வெற்றியை நெடுநாள் நினைவில் வைப்பதில்லை. 1967இல் ரைடர்ஸ் அவரை பஃபலோ குழுவுக்கு மாற்றிவிட்டு, அங்கிருந்து வேறொரு குவார்ட்டர்பேக்கை எடுத்துக்கொண்டது. அவர் வெளியேறிய அதே பருவத்தில் ரைடர்ஸ் 'சூப்பர் பவுல்' என்னும் இறுதிப் போட்டிவரை போனது. கட்டிய வீட்டில் குடிபுகும் நாளில் வெளியே நின்ற நிலைதான்.

பஃபலோவில் ஆட வாய்ப்புக் குறைந்தது. 1969இல் அந்தக் குழுவும் அவரை விடுவித்தது. கன்சாஸ் சிட்டி குழு மாற்று ஆட்டக்காரராகச் சேர்த்துக்கொண்டது. அங்கே முதன்மை குவார்ட்டர்பேக் லென் டாசன். 1970 ஜனவரி 11ஆம் நாள் அந்தக் குழு சூப்பர் பவுலை வென்றது. ஃபுளோரஸ் அன்று ஓரத்தில்தான் இருந்தார். ஆனாலும் குழுவில் ஒருவராக அவருக்கும் வெற்றி மோதிரம் கிடைத்தது.

ஓரத்தில் இருப்பவருக்கு என்ன வேலை என்று எண்ணாதீர்கள். முதன்மை ஆட்டக்காரருக்கு அடிபட்டால் மறுநிமிடமே இவர் இறங்க வேண்டும். ஆகவே முழுத் திட்டத்தையும் மனப்பாடம் செய்து, எதிரணியின் ஆட்டத்தைப் படம் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு வாரமும் தயாராக இருக்க வேண்டும். திடலில் இருப்பவர் தம்மை நோக்கி ஓடி வருபவனைப் பார்க்கிறார். ஓரத்தில் இருப்பவரோ இருபத்திரண்டு பேரையும் பார்க்கிறார். பயிற்றுநருக்கு வேண்டியது இந்தப் பார்வைதான்.

1970ஆம் ஆண்டுப் பருவத்தோடு ஆட்டத்தை நிறுத்தினார். 1971இல் பஃபலோவில் உதவிப் பயிற்றுநர். 1972இல் பழைய ரைடர்ஸ் குழுவுக்கே உதவிப் பயிற்றுநராகத் திரும்பினார். தலைமைப் பயிற்றுநர் ஜான் மேடன் சத்தமும் ஆர்ப்பாட்டமுமானவர். ஃபுளோரசோ வாய் திறப்பதே அரிது. எதற்கும் பதறாத குணத்தால் 'ஐஸ்மேன்' என்றே அவருக்குப் பெயர். 1977 ஜனவரியில் ரைடர்ஸ் சூப்பர் பவுலை வென்றபோது இரண்டாவது மோதிரம். மேடன் ஓய்வுபெற்றதும், 1979இல் தலைமைப் பொறுப்பு ஃபுளோரசிடம் வந்தது.

ஒதுக்கப்பட்டவருக்கு ஒரு வாய்ப்பு

இந்தக் கதையின் உயிர்நாடி இனிமேல்தான் இருக்கிறது. ரைடர்ஸ் குழுவில் ஜிம் பிளங்கெட் என்ற குவார்ட்டர்பேக் இருந்தார். அவரும் மெக்சிக்கோ வழிவந்தவர். தாயார் கண் தெரியாதவர். தந்தையாருக்கும் பார்வை மங்கல். கல்லூரிக் காலத்தில் நாட்டிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்று விருது பெற்ற பிளங்கெட், பிற்பாடு அடிமேல் அடிபட்டுச் சரிந்தார். 1978இல் சான் பிரான்சிஸ்கோ குழு அவரைக் கைவிட்டது. ரைடர்சில் சேர்ந்தும் இரண்டு ஆண்டுகளாகப் பெஞ்சுதான் கதி.

1980ஆம் ஆண்டுப் பருவத்தின் ஐந்தாவது ஆட்டத்தில் முதன்மை குவார்ட்டர்பேக்கின் கால் முறிந்தது. பிளங்கெட் இறங்கினார். எறிந்த பந்துகளில் ஐந்தை எதிரணி பிடித்துக்கொண்டது. ஆட்டம் தோல்வி. நீங்கள் பயிற்றுநராக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

ஃபுளோரஸ் அவரை மாற்றவில்லை. இரண்டு குழுக்களால் திருப்பி அனுப்பப்பட்டவர், நோயில் ஓர் ஆண்டை இழந்தவர், பெஞ்சில் காத்திருந்தவர் அவர். நெடுநாள் ஆடாத கைக்கு ஒரு நாளில் தீர்ப்புச் சொல்லலாமா என்பது அவருக்குத் தெரியாதா?

மீதமிருந்த 11 ஆட்டங்களில் 9இல் வெற்றி. 1981 ஜனவரி 25ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சூப்பர் பவுல். பிலடெல்பியா குழுவை 27-10 என்று ரைடர்ஸ் வீழ்த்தியது. மூன்று டச்டவுன்களுக்குப் பந்து எறிந்த பிளங்கெட்டே சிறந்த ஆட்டக்காரர். ஆட்டக்காரராக, உதவிப் பயிற்றுநராக, தலைமைப் பயிற்றுநராக மூன்று நிலையிலும் சூப்பர் பவுல் வென்ற முதல் மனிதர் ஆனார் ஃபுளோரஸ். சிறுபான்மை இனத்திலிருந்து வந்து அந்தக் கோப்பையை வென்ற முதல் தலைமைப் பயிற்றுநரும் அவரே.

மூன்றாண்டுகள் கழித்து, 1984 ஜனவரி 22ஆம் நாள் இன்னொரு சூப்பர் பவுல். 38-9 என்ற கணக்கில் மறுபடியும் வெற்றி. தோற்ற குழு எது தெரியுமா? 1959இல் அவரைத் திருப்பி அனுப்பிய அதே வாஷிங்டன்!

எல்லாம் வெற்றியாகவே முடிந்ததா என்றால், இல்லை. 1987ஆம் ஆண்டுப் பருவத்தோடு ரைடர்சை விட்டார். பிறகு சியாட்டல் குழுவுக்கு 1992 முதல் மூன்று பருவங்கள் பயிற்சி அளித்தார். 48 ஆட்டங்களில் 14இல்தான் வெற்றி. அடுத்துப் பல ஆண்டுகள் வானொலியில் ரைடர்ஸ் ஆட்டங்களுக்கு விளக்கவுரை சொன்னார். அமெரிக்கக் காற்பந்தின் புகழ் மண்டபம் அவர் பெயரைச் சேர்க்க நெடுங்காலம் தாமதித்தது. 2021இல்தான் அந்தப் பெருமை வந்தது. அப்போது அவருக்கு வயது 84.

அவர் பழம் பறித்து வளர்ந்த சாங்கர் ஊரில், உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டரங்குக்கு இன்று டாம் ஃபுளோரஸ் என்று பெயர்.

வாசகர்களே, பந்து சோறு போடுமா என்ற கேள்விக்கு வருவோம். எறிந்த கை ஃபுளோரசுக்குச் சில ஆண்டுகள்தான் சோறு போட்டது. ஓரத்தில் உட்கார்ந்து கவனித்த கண்ணும், பட்ட அடியை மறக்காத மனமுமே மிச்சக் காலம் முழுவதும் போட்டன. நாளைக்கு உங்கள் பையன் "என்னைக் குழுவில் எடுக்கவில்லை" என்று முகம் வாடி வந்தால், "போகட்டும் விடு" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். "உட்கார்ந்த இடத்திலிருந்து என்ன பார்த்தாய், சொல்" என்று பக்கத்தில் அமர்த்திக் கேளுங்கள்.