வேதியியல் பட்டப் படிப்பு

மேல்நிலைத் தேர்வு முடிந்ததும் ‘அடுத்து என்ன?’ என்ற வினா எழும். வேதியியலை விரும்புவோர்க்கு பி.எஸ்ஸி. உண்டு. தமிழகக் கல்லூரிகளில் இது மூன்றாண்டுப் படிப்பு. கனிம வேதியியல், கரிம வேதியியல், இயற்பிய வேதியியல் என மூன்று கிளைகளாய் விரியும். கணிதமும் இயற்பியலும் பெரும்பாலும் துணைப் பாடங்கள்.

ஆய்வுக்கூடமே இப்படிப்பின் உயிர். குடுவையிலுள்ள அமிலத்தில் பியூரெட்டிலிருந்து காரம் சொட்டுச் சொட்டாய் விழ, ஒரே சொட்டில் பினாப்தலீன் இளஞ்சிவப்பாகும். அச்சொட்டைத் தாண்டிவிட்டால் கணக்கே பிழை. எனவே மனப்பாடத்தைவிடப் பொறுமையும், கண்டதைக் கண்டபடி எழுதும் நேர்மையுமே தேவை.

‘பெண்ணுக்கு ஆய்வுக்கூடம் எதற்கு?’ என்பார் இன்றும் உளர். கல்கத்தாவில் 1936-இல் வேதியியல் பட்டம் பெற்ற அசீமா சட்டர்ஜி, 1944-இல் இந்தியப் பல்கலைக்கழகத்தில் டி.எஸ்ஸி. பெற்ற முதல் பெண்மணியானார்; சர்ப்பகந்தி முதலிய மூலிகைகளை ஆராய்ந்தார். அவர் வாழ்வே தக்க விடையன்றோ!