மாற்று: இரண்டு பக்கம் உள்ள ஒரு சொல்

புலம்பெயர்ந்த வீடுகளில் எங்கள் பிள்ளைகள் உடுப்பு, காசு, பேருந்து, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் ‘சேஞ்ச் பண்ணு’ என்ற ஒன்றையே சொல்கிறார்கள். ஊரில் நாங்கள் அந்த இடங்களில் ‘மாத்து’ என்போம். எழுத்தில் அது ‘மாற்று’. அந்தச் சொல்லின் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

மூலம் ‘மாறு’ என்ற வினை. ஏறு, ஏற்று ஆவதுபோலவும் தேறு, தேற்று ஆவதுபோலவும் மாறு, மாற்று ஆகிறது. தானாக நடந்தால் மாறுவது. நாம் செய்தால் மாற்றுவது.

பழந்தமிழில் ‘மாறு’ என்பதற்குப் பண்டத்துக்குப் பண்டம் கொடுப்பது, விற்பது என்ற பொருளும் உண்டு. அகநானூற்றின் 140ஆம் பாடலில் அம்மூவனார் காட்டும் உப்பு விற்கும் பெண், நெல்லுக்குச் சமமாக உப்பு என்று சேரியில் கூவிப் போகிறாள். அவள் சொல்லும் விலையோடு ‘மாறு’ என்ற சொல்லும் அங்கே சேர்ந்து வருகிறது. பண்டமாற்று, நாணயமாற்று எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

பேச்சும் ஒரு கொடுக்கல் வாங்கல்தான். ‘மாற்றம்’ என்றால் முன்பு மறுமொழி. 725ஆம் குறளில் சபைக்கு அஞ்சாமல் கொடுக்க வேண்டிய ‘மாற்றம்’ அதுவே.

இலக்கணத்திலும் மாற்று இருக்கிறது. நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் ஒன்று மொழிமாற்று. சுரைக்காய் தாழ்கிறது, அம்மி மிதக்கிறது என்று செய்யுளில் இருந்தால், வினைகளை இடம் மாற்றிப் பொருத்த வேண்டும், பொருள் சரியாகிவிடும். இன்னொன்று அடிமறிமாற்று: அடிகளை எப்படி மாற்றி வைத்தாலும் பொருள் கெடாது.

வீட்டு வழக்குக்கு வருவோம். கைமாற்று என்பது எழுத்தும் வட்டியும் இல்லாமல், நம்பிக்கையில் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் காசு. கைம்மாறு வேறு, அது செய்த உதவிக்குச் செய்யும் பதிலுதவி. மழையைப் போன்ற உதவி அதை எதிர்பார்க்காது என்கிறது 211ஆம் குறள். ஒரு வீட்டு அண்ணனும் தங்கையும் இன்னொரு வீட்டுத் தங்கையையும் அண்ணனையும் கட்டினால் மாற்றுச் சம்பந்தம்.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கணக்குப் புத்தகத்தில் பற்று இருந்தால் வரவும் இருக்க வேண்டும். அதுபோல, ஒன்று போகும் இடத்தில் இன்னொன்று வந்து நிற்கும்.

அதனால்தான் ‘இடமாற்றம்’, ‘இடப்பெயர்வு’ இரண்டையும் ஒன்றாக எழுதக்கூடாது என்கிறேன். அரச உத்தியோகத்தருக்கு வருவது இடமாற்றம். கையில் கடிதம் இருக்கும். போகும் ஊரில் கந்தோரும் கதிரையும் சம்பளமும் காத்திருக்கும். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு மழையில் நடந்த சனத்துக்கு அப்படி எதுவும் காத்திருக்கவில்லை. அதைச் சனம் இடப்பெயர்வு என்றுதான் சொன்னது. ‘பெயர்’ என்றால் இருந்த இடத்தை விட்டு அசைந்து நீங்குவது. அந்தச் சொல்லில் எதிர்ப்பக்க வரவு கிடையாது.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் குடும்ப வரலாறு எழுதும்போது, ‘அப்பாவும் அம்மாவும் நாடு மாறினார்கள்’ என்று எழுதக்கூடும். அங்கே நிறுத்தி, ‘மாறவில்லை, பெயர்ந்தோம்’ என்று திருத்திவிடுங்கள். விட்டு வந்த வீட்டுக்கும் காணிக்கும் ஈடாக எதுவும் வாங்கிக்கொண்டு நாங்கள் வரவில்லை என்பது அந்த ஒரு சொல்லிலேயே அவர்களுக்கு விளங்கும்.