பழைய புல்லட்டில் ஆயில் கசிவு: கேஸ்கெட்டை மாற்றும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய புல்லட் என்றால் ஆயில் சொட்டத்தான் செய்யும் என்ற எண்ணம் அதன் உரிமையாளர்கள் பலரிடம் வேரூன்றியுள்ளது. வண்டி நிற்கும் இடத்தில் ஓர் அட்டையை விரித்துவிட்டு அத்துடன் விட்டுவிடுகின்றனர். கசிவு சிறிதாக இருந்தாலும் அது அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. ஆயில் பின்சக்கர டயரில் படிந்தால் வளைவில் வண்டி சறுக்கும். அளவு குறைந்ததை அறியாமல் தொடர்ந்து ஓட்டினால், பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி ஓட்டத்திலேயே எஞ்சின் நின்றுவிடக்கூடும்.

1955ஆம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் பிரிட்டனின் ராயல் என்பீல்டும் கைகோத்ததைத் தொடர்ந்து, சென்னையை அடுத்த திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பு தொடங்கியது. அந்த அடிப்படை வடிவமைப்பிலான எஞ்சின், பெரிய மாற்றமின்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தியச் சாலைகளில் ஓடியது. எனவே, நாட்டின் எந்த மூலையிலும் இதனைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார். கசிவு என்றதும் எஞ்சினைப் பிரித்து கேஸ்கெட் மாற்றும் வழக்கம் பரவியதற்கும் இதுவே ஒரு காரணம் எனலாம்.

காரணம் காற்றழுத்தம்

350 புல்லட்டின் உண்மையான கொள்ளளவு 346 சிசி. பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழிறங்கும்போதும் அதே அளவு காற்று கிராங்க் கேஸுக்குள் அழுத்தப்படுகிறது. நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் எனில், இது நொடிக்கு 50 முறை நிகழ்கிறது. ஒற்றை சிலிண்டர் என்பதால், ஒரு பிஸ்டன் இறங்கும்போது மற்றொன்று ஏறி அதைச் சமன்செய்யும் வாய்ப்பும் இல்லை. இந்தக் காற்றை வெளியேற்றவே பிரீதர் குழாய் உள்ளது. காற்றை வெளியே விட்டு, பிஸ்டன் மேலேறும்போது மூடிக்கொள்ளும் ஒருவழி வால்வாக இது செயல்பட வேண்டும்.

ரப்பர் இறுகினாலோ, குழாய் மடங்கினாலோ, அழுக்கு அடைத்தாலோ அழுத்தம் வெளியேற வழியின்றி இணைப்புகளின் வழியே ஆயிலைத் தள்ளுகிறது. இந்நிலையில் எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் பயன் இல்லை; ஓரிடத்தில் அடைத்தால் இன்னோர் இடத்தில் கசியும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை, முழு எஞ்சின் வேலையாக வளர்வது இப்படித்தான்.

பிரீதர் சீராக இருந்தும் அதன் வழியே புகை இடைவிடாமல் வெளிவந்தால், பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து எரிவாயு கீழே இறங்குகிறது என்று பொருள். அப்போது எஞ்சினைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கசிவின் ஊற்று எங்கே?

ஆயில் சொட்டும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. ராக்கர் கவரில் கசிவது சிலிண்டரின் துடுப்புகள் வழியே இறங்கி, காற்றில் பின்னோக்கிப் பரவி, கியர்பாக்ஸின் அடியில் சொட்டும். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்புறம் சாய்ந்து நிற்பதால் குழப்பம் மேலும் கூடும். எஞ்சினை மண்ணெண்ணெய் கொண்டு கழுவி நன்கு உலர்த்தி, இணைப்புகளின் மீது முகப் பவுடரைத் தூவி, சில கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது எளிய வழி. பவுடர் முதலில் நனையும் இடமே ஊற்று.

எந்தத் திரவம் கசிகிறது என்பதும் முக்கியம். பழைய புல்லட்டில் எஞ்சின், பிரைமரி செயின் உறை, கியர்பாக்ஸ் மூன்றும் தனித்தனி. இடப்புறமுள்ள பிரைமரி உறையின் மூடி ஒரே ஒரு நட்டால் பிடிக்கப்பட்டுள்ளது. அதனை அளவுக்கு மீறி முடுக்கினால் மூடி வளைந்து கசிவு அதிகரிக்கும். அந்த உறையில் ஆயில் அளவு தானாகவே உயர்ந்துவந்தால், கிராங்க் தண்டின் சீல் பழுதடைந்து எஞ்சின் ஆயில் அதற்குள் புகுகிறது எனக் கொள்ளலாம். ஆயிலில் பெட்ரோல் வாடை வீசினால் கார்புரேட்டரையும் பெட்ரோல் டேப்பையும் சோதிக்க வேண்டும். நீர்த்த ஆயில் எளிதில் கசிவதுடன், தேய்மானத்தையும் தடுக்காது.

வாரக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் வேறொரு சிக்கல் உண்டு. தொட்டியிலுள்ள ஆயில் பம்ப் வழியே மெல்லக் கசிந்து கிராங்க் அறையில் தேங்கிவிடும். அளவுகோலில் குறைவாகத் தெரிவதை நம்பி மேலும் ஊற்றினால், ஸ்டார்ட் செய்ததும் மிகுதியான ஆயில் பிரீதர் வழியே கொட்டும். எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்திய பின்னரே அளவைப் பார்க்க வேண்டும்.

கேஸ்கெட் மாற்றுவது உறுதியானால், பழையதன் எச்சங்களை உளியால் சுரண்டக் கூடாது. அலுமினியப் பரப்பில் விழும் ஒரு கீறலே புதிய கசிவுக்குப் போதும். மூடி வளைந்திருந்தால், கண்ணாடித் தகட்டின் மீது நுண்ணிய உப்புத்தாளை விரித்து அதில் தேய்த்துச் சமப்படுத்தலாம். சிலிகான் பசையைத் தாராளமாகப் பூசுவதே பணிமனைகளில் அடிக்கடி நிகழும் தவறு. உட்புறம் பிதுங்கும் பசை துண்டு துண்டாகப் பெயர்ந்து ஆயில் செல்லும் வழிகளை அடைத்துவிடும். திருகுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்கி, 100 கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.