ஜொகூர்பாரு நகர மையம் எழுகிறது: பழைய கடைத்தெரு நிலைக்குமா?

ஜொகூர்பாருவில் ஜாலான் உங்கு புவான் என்றால் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அருள்மிகு ராஜமாரியம்மன் தேவஸ்தானம். 1911-இல் அமைந்த கோயில் அது. அதைச் சுற்றிப் பூக்கடை, மளிகைக் கடை, சேலைக் கடை, நகைக் கடை, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை என்று ஒரு கடைத்தெருவே வளர்ந்தது. தீபாவளி நெருங்கினால் கூலாயிலிருந்தும் மாசாயிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து பொருள் வாங்கிப் போவார்கள். மற்ற நாள்களில் அந்தக் கூட்டம் இருப்பதில்லை.

இந்தத் தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், புக்கிட் சாகாரில், ஆர்டிஎஸ் ரயில் நிலையம் எழும்பியிருக்கிறது. அங்கிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் வரை 4 கிலோமீட்டர். பயண நேரம் ஏறத்தாழ 5 நிமிடம். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச் செல்லும் திறன் கொண்டது. 2020 ஜூலை 30-ஆம் தேதி இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, 2026 இறுதிக்குள் சேவை தொடங்குவது இலக்கு.

ரயிலோடு சேர்ந்து நகர மையத்தில் உயர்மாடிக் கட்டடங்களும் எழுகின்றன. பல ஆண்டுகளாக வெளியே ஓடிக்கொண்டிருந்த பணமும் ஆளும் மையத்துக்குத் திரும்பும் என்பது எதிர்பார்ப்பு. திரும்பட்டும், நல்லதுதான். ஆனால் நகரம் ஆளில்லாமல் கிடந்த காலத்திலும் கடையைத் திறந்து வைத்திருந்தவர்கள், அது எழும்போது அங்கே இருப்பார்களா? இதற்கான பதில் பெரும்பாலும் காகிதத்தில் இருக்கிறது.

மையம் ஏன் வெறிச்சோடியது?

1855-இல் தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம் தஞ்சோங் புத்ரி என்ற பெயரில் தொடங்கிய ஊர், 1866-இல் ஜொகூர்பாரு ஆனது. சுங்கை செகெட் ஆற்றை ஒட்டிக் கடைவீடுகள் வந்தன. சலவைத் தொழிலாளர்களின் பெயரைத் தாங்கிய ஜாலான் டோபி இன்றும் இருக்கிறது. 1924-இல் ஜொகூர் பாலம் முறையாகத் திறக்கப்பட்டதும் சிங்கப்பூர் போக்குவரத்து முழுவதும் இந்த மையத்தின் வழியாகவே நடந்தது. தோட்டப்புறத்துக் குடும்பங்களுக்குச் சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிறு என்றால் டவுன்தான். துணிமணி, மளிகை, கோயில், படம் எல்லாம் ஒரே நடையில் முடியும்.

பிறகு தோட்டங்களே குடியிருப்புகளாக மாறின. மவுண்ட் ஆஸ்டின் இன்று கடைகளும் உணவகங்களும் நிறைந்த புறநகர். முன்பு அது ரப்பர் தோட்டம். தெப்ராவ் பக்கமும் அப்படித்தான். இஸ்கண்டார் புத்ரி எழுந்த நிலத்தின் பெரும்பகுதி செம்பனைத் தோட்டம். லயத்து வீடுகளைவிட்டு வெளியேறியவர்கள் மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய், கூலாய் வட்டாரத்துத் தாமான்களிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் குடியேறினார்கள். பேரங்காடிகளும் வாகன நிறுத்துமிடத்தோடு அவர்களைத் தேடிப் புறநகருக்கு வந்தன. கார் வைத்திருப்பவர் நெரிசலில் டவுனுக்குப் போக வேண்டிய தேவை குறைந்தது.

2008 டிசம்பரில் இன்னொரு மாற்றம் வந்தது. அதுவரை பாலத்தைக் கடந்து பழைய குடிநுழைவுச் சாவடி வழியாக வந்தவர்கள் வெளியே கால் வைத்ததும் கடைத்தெருவில் நின்றார்கள். புதிய சுல்தான் இஸ்கண்டார் கட்டடம் திறந்த பிறகு, மேம்பாலத்தின் வழியே ஜேபி சென்ட்ரலுக்கும் அங்கிருந்து எதிரேயுள்ள பேரங்காடிக்கும் மழை வெயில் படாமல் நடக்க முடிந்தது. பயணிகளுக்கு வசதி. ஆனால் கீழே தெருவோரத்தில் கடை வைத்திருந்தவருக்கு, வாசலைக் கடந்து போன கால்கள் தலைக்கு மேலே போகத் தொடங்கின.

எதற்காக இந்தத் திருப்பம்?

புறநகரைப் பரப்பிக்கொண்டே போவதற்குச் செலவு அதிகம். பத்துக் குடும்பங்கள் பரந்து கிடந்தால், அந்தப் பத்துக்கும் சாலை, கால்வாய், தண்ணீர்க் குழாய், மின்கம்பி தனித்தனியே நீள வேண்டும். பேருந்தும் ஓடாது, ஒரு நிறுத்தத்தில் ஏற இரண்டு பேர் மட்டும் இருந்தால் எந்த நிறுவனமும் அடிக்கடி பேருந்து விடாது. பேருந்து இல்லாததால் வீட்டுக்கு ஒரு கார், இரண்டு மோட்டார் சைக்கிள். குறைந்த சம்பளக் குடும்பத்தின் பட்ஜெட்டில் கார்த் தவணையும் பெட்ரோலும் பெரும் பகுதியைத் தின்றுவிடுகின்றன.

இதற்கு மாற்றாகத்தான் நகரத் திட்டமிடுபவர்கள் நெருக்கமான, கலப்புப் பயன்பாட்டு வளர்ச்சியைச் சொல்கிறார்கள். கீழே கடை, மேலே அலுவலகம், அதற்கும் மேலே வீடு. ரயில் நிலையத்தைச் சுற்றி ஏறத்தாழ 400 மீட்டர், அதாவது ஐந்து நிமிட நடை தூரத்துக்குள், உயரமான கட்டடங்களுக்கு அதிக அனுமதி. இதை மனைவிகிதம் என்ற கணக்கால் அளக்கிறார்கள். 1,000 சதுர அடி மனையில் எல்லா மாடிகளையும் சேர்த்து 2,000 சதுர அடி கட்டலாம் என்றால் விகிதம் 2. அதையே 8 ஆக்கினால் 8,000 சதுர அடி கட்டலாம். நிலம் ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை, ஆனால் அதன் விலை கூடிவிட்டது.

ஜொகூர்பாரு மையத்தில் இந்த வேகம் முன்பே தொடங்கிவிட்டது. 2006-இல் இஸ்கண்டார் மலேசியா வட்டாரம் அறிவிக்கப்பட்டது. 2015-இல் நகர மையத்தின் 250 ஏக்கரை இப்ராஹிம் அனைத்துலக வணிக வட்டாரமாக மாற்றும் திட்டம் வந்தது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. கான்கிரீட்டால் மூடப்பட்ட சுங்கை செகெட் மீண்டும் திறக்கப்பட்டது. ஜாலான் தான் ஹியோக் நீயின் பழைய கடைவீடுகளுக்குள் காப்பிக் கடைகள் வந்தன.

கால்கள் எந்தப் பக்கம் போகும்?

ஆர்டிஎஸ் பயணத்தில் இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும். சிங்கப்பூரிலிருந்து வருபவர் உட்லண்ட்ஸ் நார்த்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, புக்கிட் சாகாரில் இறங்கியதும் நேரே வெளியே நடக்கலாம். அப்படி இறங்குபவர் எந்த வாசலில் வெளியே வருவார், நிழலான நடைபாதை எந்தத் தெரு வரை போகும் என்பதைப் பொறுத்துத்தான் கடைக்காரரின் வியாபாரம் அமையும். 2008-இன் பாடம் அதுதான். ரயில் நிலையம் பக்கத்தில் இருப்பதால் மட்டும் தெருவுக்கு ஆள் வந்துவிடாது. சாலையைப் பயமில்லாமல் கடக்க வழி, மழைக்கு ஒதுங்கக் கூரை, இரவில் வெளிச்சம், ராஜமாரியம்மன் கோயிலையும் லிட்டில் இந்தியாவையும் காட்டும் வழிகாட்டிப் பலகை ஆகியவை வேண்டும். பெரிய கோபுரங்களோடு ஒப்பிட்டால் இவை சிறு செலவுகள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மாசாய்க்காரருக்கு, புக்கிட் சாகார் வரை வந்து சேரப் பேருந்து இல்லையென்றால் ரயிலால் பலனில்லை. ஸ்கூடாய், தெப்ராவ், இஸ்கண்டார் புத்ரி தடங்களை மையத்தோடு இணைக்கும் போக்குவரத்துத் திட்டம் பேசப்பட்டு வருகிறது. மையத்தின் வளர்ச்சி புறநகர்த் தமிழருக்கு வந்து சேருமா என்பது அந்த இணைப்பைப் பொறுத்தது.

வாடகைக் கடைக்காரரின் நிலை

கடைத்தெரு செழித்தால் வாடகை ஏறும். ஒரு காலத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. 1948 பிப்ரவரி 1-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களில் உரிமையாளர் நினைத்தபடி வாடகையை உயர்த்த முடியாது. 1997-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. இடைக்கால அவகாசம் 1999 இறுதியில் முடிந்ததும், பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் வெளியேற நேர்ந்தது. 2008-இல் அந்நகரம் யுனெஸ்கோ உலக மரபுத் தலமானது. கட்டடத்துக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு வாடகைக்கு இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா 1989-இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டபோதும், காக்கப்பட்டது கட்டடங்களின் தோற்றம்தான்.

அதனால் இன்று வாடகைக்கு இருப்பவரைக் காப்பது அவருடைய ஒப்பந்தம் ஒன்றுதான். கானுன் தானா நெகாரா எனப்படும் தேசிய நிலச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நில அலுவலகத்தில் பதிய வேண்டும். மூன்று ஆண்டு அல்லது அதற்குக் குறைவு என்றால் பதிவு தேவையில்லை, வாய்மொழியாகக்கூட இருக்கலாம். சிக்கல் இங்கேதான் வருகிறது. பதிவு செய்யாத அந்த வாடகை உரிமை, கட்டடத்தை வாங்கும் புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது. அவரையும் கட்டுப்படுத்த வேண்டுமானால், விற்பனை பதிவாகும் முன்பே அந்த வாடகை நிலப்பட்டாவில் குறிப்பாக ஏற்றப்பட்டிருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். ஒருவர் இரண்டு ஆண்டுக்குக் கடை எடுத்து, சொந்தப் பணத்தில் தரையும் அலமாரியும் போடுகிறார். ஆறாவது மாதம் உரிமையாளர் கட்டடத்தை ஒரு நிறுவனத்துக்கு விற்கிறார். பட்டாவில் குறிப்பு இருந்தால் மீதிப் பதினெட்டு மாதமும் அவருடையது. இல்லையென்றால் புதியவர் காலி செய்யச் சொல்லலாம். பழைய உரிமையாளர் மீது வழக்குப் போடலாம், ஆனால் கடை கையைவிட்டுப் போய்விடும். இந்தக் குறிப்பை ஏற்ற நிலப்பட்டா வேண்டும் என்பதால் உரிமையாளரின் ஒத்துழைப்பு தேவை. அதை ஒப்பந்தம் போடும் நாளிலேயே நிபந்தனையாகக் கேட்பதுதான் சுலபம். “முப்பது வருசப் பழக்கம், மாதா மாதம் வாடகை கொடுக்கிறோம், ஒன்றும் ஆகாது” என்று இருப்பவர்கள்தான் நிலத்தின் விலை ஏறும்போது முதலில் பாதிக்கப்படுவார்கள்.

கடிதம் யாருக்கு வரும்?

பக்கத்து மனையில் நாற்பது மாடி வருகிறது என்றால் தங்களுக்குத் தகவல் வரும் என்று பலர் நம்புகிறார்கள். 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில்தான் அண்டை நிலத்து உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பி, ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள் அவகாசம் தர வேண்டும். அறிவிப்பு நில உரிமையாளருக்கு, வாடகைதாரருக்கு அல்ல.

ரஞ்சங்கான் தெம்பாத்தான் எனப்படும் உள்ளூர்த் திட்டம் இருக்கும் இடத்தில் நிலைமை வேறு. எந்த மனையில் என்ன கட்டலாம், மனைவிகிதம் எவ்வளவு என்பதையெல்லாம் அந்தத் திட்டமே தீர்மானித்துவிடும். அதன் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது குறைந்தது நான்கு வாரம் கருத்தும் ஆட்சேபமும் தெரிவிக்கலாம். அந்த நேரத்தில் உரிமையாளர் மட்டுமல்ல, வாடகைதாரர், கோயில் நிர்வாகம், பள்ளியின் பெற்றோர் சங்கம், அங்காடி வியாபாரிகள் என்று யார் வேண்டுமானாலும் பேசலாம். கட்டுமானப் பலகை நட்ட பிறகு திரளும் கூட்டத்தைவிட, இந்த நான்கு வாரத்தில் கொடுக்கும் ஒரு பக்கக் கடிதத்துக்கு வலு அதிகம்.

சொந்த அடுக்குமாடி வைத்திருப்பவருக்கும் இதில் பங்கு உண்டு. இப்போதைய சட்டப்படி, ஓர் அடுக்குமாடியின் தனிப்பட்டாக்களை ரத்துசெய்து மறுகட்டுமானம் செய்ய எல்லா உரிமையாளரும் சம்மதிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் மக்களவையில் தாக்கலான நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா இந்த அளவைக் குறைக்க முன்மொழிந்தது. 30 ஆண்டுக்குட்பட்ட கட்டடத்துக்கு 80 விழுக்காடு, அதற்கு மேற்பட்டதற்கு 75, பாதுகாப்பற்ற அல்லது கைவிடப்பட்டதற்கு 51. மின்தூக்கி ஓடாத, கூரை ஒழுகும் கட்டடத்தில் வாழ்பவர்களுக்கு மறுகட்டுமானம் விடிவாக இருக்கலாம். ஒப்பாத சிறுபான்மையின் வீடு என்ன விலைக்குப் போகும், திரும்பி வர அவர்களுக்கு இடம் உண்டா என்பதுதான் எழுந்த எதிர்ப்பின் மையம். எந்த வடிவில் சட்டம் வந்தாலும், கூட்டு நிர்வாகக் கூட்டத்துக்குப் போகாதவரின் சார்பில் மற்றவர்கள்தான் முடிவெடுப்பார்கள்.

இப்போதே செய்யக்கூடியவை

கடைக்காரர் தம் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்து, முத்திரைத் தீர்வை கட்டியதா, பட்டாவில் குறிப்பு ஏற்றமுடியுமா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்கலாம். கோயில் நிர்வாகங்கள் நில அலுவலகத்தில் தேடல் செய்து, கோயில் நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளலாம். இந்திய வியாபாரிகள் தனித்தனியாக அல்லாமல் ஒன்றாக மாநகர் மன்றத்திடம் நடைபாதையையும் வழிகாட்டிப் பலகையையும் கேட்கலாம்.

தோட்டத்துண்டாடலின்போது நம்மவர்கள் பலர் வெறுங்கையோடு வெளியே வந்ததற்கு ஒரு காரணம், பல தலைமுறை வாழ்ந்த லயத்து வீட்டுக்கு அவர்கள் கையில் காகிதம் எதுவும் இல்லாததுதான். அந்த இழப்பு நகரத்துக் கடைத்தெருவிலும் நேர வேண்டியதில்லை. ரயில் ஓடத் தொடங்கிய பிறகு கேட்டால் வாடகை வேறு, விலை வேறு. கேட்க வேண்டிய காலம் இதுதான்.